அழித்தால் அழிந்துவிடுமா?

புனேயின் வானவடியிலிருந்து சற்று தூரத்தில் மகர்பட்டாவின் சாஃப்ட்வேர் அலுவலகங்கள். இதுபோன்ற இடங்களில் வேலைக்குச் சேரும் புதியவர்களை நடுங்கவைக்கும் கனவு ஒன்றுதான்: தவறான ஃபைலை அழித்துவிடுவது.

அவர்கள் எழுதும் சி மொழியில் இதற்கான அழைப்பின் பெயர் 'அன்லிங்க்'. 1971ல் வெளியான யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே இது இருந்தது. 'அழி' என்று பொருளல்ல. 'இணைப்பை அறு' என்றே பொருள். விஷயமே இதில்தான் இருக்கிறது.

யூனிக்ஸ், லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் ஃபைலின் பெயர் ஓரிடத்தில், தகவல் வேறிடத்தில். டைரக்டரியில் இருப்பது பெயரும் ஓர் எண்ணும் மட்டுமே. 'ஐநோட்' எனப்படும் குறிப்பேட்டை அந்த எண் காட்டுகிறது. தகவல் டிஸ்கில் எங்கே, உரிமையாளர் யார், ஃபைலுக்கு எத்தனை பெயர்கள் என்பதெல்லாம் ஐநோட்டில் இருக்கும். அன்லிங்க் ஒரு பெயரை நீக்கி, பெயர்களின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைக்கும். எண்ணிக்கை பூஜ்யமாகி, எந்த புரோகிராமும் ஃபைலைத் திறந்து வைத்திராவிட்டால்தான் இடம் காலியாகும். அதாவது வாசலில் பெயர்ப்பலகையைக் கழற்றியாயிற்று, வீடு நிற்கிறது.

விளைவுகள் விசித்திரமானவை. டிஸ்க் நிரம்பிவிட்டதே என்று பெரிய பதிவு ஃபைலை அழிப்பார் நிர்வாகி. ஓர் அங்குல இடம்கூடத் திரும்பாது. அதைத் திறந்து வைத்திருக்கும் புரோகிராமை நிறுத்தினால்தான் மீளும். எழுதத் தடை போட்ட ஃபைல் பத்திரம் என்ற நம்பிக்கையும் பொய். அழிக்கத் தேவை, டைரக்டரியில் எழுதும் அனுமதி. வேறு ஃபைலைச் சுட்டும் குறியீட்டு இணைப்பை அழித்தால் சுட்டி மட்டுமே போகும்; ஃபைல் பிழைக்கும்.

1998ல் பிக்ஸார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் பெரும்பகுதி ஒரே கட்டளையில் மறைந்தது. காப்புப் பிரதிகளும் சரியாக இயங்கவில்லை. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்த காலின் சஸ்மனின் கம்ப்யூட்டரில் இருந்த பிரதிதான் காப்பாற்றியது.

எதிர்மறை ஆபத்தும் உண்டு. பழைய கம்ப்யூட்டரை விற்பவர் வங்கிக் கணக்கு, மருத்துவ அறிக்கை, குடும்பப் படங்களை அழித்துவிட்டதாக நினைப்பார். புதிய தகவல் மேலே எழுதப்படும்வரை பழையது அங்கேயே கிடக்கலாம். அதை மீட்கும் சாஃப்ட்வேர் எளிதில் கிடைக்கிறது. புதிய எஸ்எஸ்டி வகை டிஸ்குகளில் மீட்பது கடினம். முடியவே முடியாது என்று சொல்ல இயலாது.

சட்டமும் விழித்திருக்கிறது. அடுத்தவர் கம்ப்யூட்டரில் உள்ள தகவலை மோசடி நோக்கத்துடன் அனுமதியின்றி அழித்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000ன்படி மூன்றாண்டு வரை சிறை. 2023ல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுச் சட்டமோ, தன் விவரங்களை நீக்கக் கேட்கும் உரிமையை வகுக்கிறது. பெயரை மட்டும் அறுத்துவிட்டு 'நீக்கிவிட்டோம்' என்று நிறுவனங்கள் சொன்னால் போதுமா என்பதுதான் கேள்வி.

இப்போதைக்கு வழி இரண்டு. வேண்டியதற்கு வேறிடத்தில் ஒரு பிரதி. அது திறக்கிறதா என்று அவ்வப்போது சோதனை. வேண்டாததற்கு, முதல் நாளிலிருந்தே முழு டிஸ்கையும் சங்கேதமாக்கி வைப்பது. விற்கும்போது சாவியை அழித்தால் போதும், மிஞ்சுவது யாருக்கும் புரியாத எழுத்துக் குப்பை.