மலிவுக் கடை மட்டமான கடையாக இருக்க வேண்டுமா?

"ஏழைச் சனம் வாற கடைக்கு எதுக்குப் பெயின்ட்டும் லைட்டும்? விலை குறைவாக இருந்தால் போதாதா?" சில்லறை வியாபாரிகள் பலரிடம் நான் கேட்டுப் பழகிப்போன பேச்சு இது. மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். ஆனால் இந்த எண்ணம்தான் எமது நகர்ப்புறச் சிறுகடைகளை மெல்ல மெல்ல அரித்துக் கொண்டிருக்கிறது என்பது எனது அபிப்பிராயம்.

கொழும்பு மாளிகாவத்தைப் பக்கத்தில் நான் அடிக்கடி சாமான் வாங்கும் பலசரக்குக் கடை ஒன்று இருக்கிறது. பெயர் வேண்டாம். அதைப் போன்ற கடைகள் மருதானையிலும், தெமட்டகொடையிலும், கிராண்ட்பாஸிலும் தெருவுக்குத் தெரு உண்டு. வாசற்படி உடைந்து பல காலம். இரண்டு மின்குமிழ்களில் ஒன்றுதான் எரியும். அரிசிச் சாக்குகள் வெறும் சீமெந்துத் தரையில் கிடக்கும். அவற்றின் அடியில் ஈரம் ஏறியிருக்கும். றாக்கையில் இருக்கும் மீன் டின்களைத் தூசி தட்டினால்தான் திகதியை வாசிக்கலாம். தராசின் இலக்கம் முதலாளிக்கு மட்டுமே தெரியும். எந்தச் சாமானிலும் விலை எழுதியிருக்காது.

இருந்தும் அங்கே சனம் போகிறது, நானும் போகிறேன். காரணம், அந்தக் கடை தருவதை வேறு யாரும் தருவதில்லை. நூறு கிராம் பருப்பு கிடைக்கும். ஒரு முட்டை கிடைக்கும். ஐம்பது கிராம் நெத்தலி கிடைக்கும். சனிக்கிழமை சம்பளம் வரும்வரை கொப்பியில் எழுதிக்கொண்டு கொடுப்பார்கள். இரவு பத்து மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு பக்கற் பிஸ்கட்டுக்குக் கதவைத் தட்டலாம். கார்கில்ஸ் நிறுவனம் 1983 இல் கொழும்பு ஸ்டேப்பிள் வீதியில் தனது முதலாவது சுப்பர் மார்க்கெட்டைத் திறந்ததிலிருந்து இன்றுவரை எத்தனையோ பெரிய கடைகள் வந்துவிட்டன. கொப்பியில் எழுதிக் கடன் தரும் சுப்பர் மார்க்கெட்டை நான் இன்னும் காணவில்லை.

2022 ஆம் ஆண்டு நெருக்கடியில் இந்தக் கடைகளின் பெறுமதி நன்றாகத் தெரிந்தது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. கிலோக் கணக்கில் வாங்கிய குடும்பங்கள் கிராம் கணக்குக்கு இறங்கின. அந்த நேரத்தில் அவர்களைத் தாங்கியவை மூலைக்கடைகளே. அதை மறந்து எழுதினால் அது அநியாயம்.

ஆனால் அந்த நன்றியை வைத்துக்கொண்டு எத்தனை காலம் வியாபாரம் செய்ய முடியும்?

முதலில் விலையைப் பார்ப்போம். இந்தக் கடைகள் உண்மையில் மலிவானவையா? உதாரணத்துக்கு, நல்ல பருப்பு கிலோ 300 ரூபா என்று வையுங்கள். மலிவுக் கடையில் 280 ரூபா. இருபது ரூபா மிச்சம் என்று வாங்குகிறோம். வீட்டில் புடைத்துப் பார்த்தால் வண்டும் தூளும் கல்லுமாக நூறு கிராம் போய்விடுகிறது. மிஞ்சிய 900 கிராமுக்குக் கொடுத்த விலை 280 ரூபா. அப்படியானால் கிலோ 311 ரூபா! மலிவு என்று வாங்கியவர் பதினொரு ரூபா கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். ஒருமுறை ஏமாந்த குடும்பத் தலைவி இரண்டாம் முறை கணக்குப் பார்ப்பார். மூன்றாம் முறை பஸ் ஏறிப் பெரிய கடைக்குப் போவார்.

வண்டு எங்கிருந்து வருகிறது? பல கடைகளில் நான் காணும் பழக்கம் ஒன்றுண்டு. பெட்டியில் பழைய பருப்பு கால்வாசி இருக்கும்போதே புதிய மூட்டையை அதன்மேல் கொட்டுவார்கள். மேலே இருப்பது விற்கும், அடியில் இருப்பது மாதக் கணக்கில் அங்கேயே கிடக்கும். அடியில் பிறக்கும் வண்டு மேலே ஏறிப் புதிய சாமானையும் கெடுக்கும். பழையதை வெளியே எடுத்து, பெட்டியைத் துடைத்து, புதியதைப் போட்டு, பழையதை மேலே வைக்கப் பத்து நிமிடம் போதும். இதற்குக் காசு தேவையில்லை.

இரண்டாவது, விலை எழுதாமை. ஒருநாள் எனக்கு முன்னால் நின்ற பெண்மணி ஒருவர், "நானா, சீனி கால் கிலோ எவ்வளவு?" என்று கேட்டார். "எடுக்கிற எண்டாச் சொல்லுங்க தாத்தா, பிறகு வேணாம் எண்டு சொல்லாதீங்க" என்று பதில் வந்தது. முதலாளி கெட்ட மனிதர் அல்ல. கூட்டத்தில் அலுத்துப்போய்ச் சொன்ன வார்த்தை. ஆனால் அந்தப் பெண்மணி சீனியைப் பற்றி மேலும் கேட்கவில்லை. தேயிலையை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

கையில் ஐந்நூறு ரூபாவோடு வருபவருக்கு விலை கேட்பதே ஒரு கூச்சம். கேட்டுவிட்டு வேண்டாம் என்பது அதைவிடப் பெரிய கூச்சம். சுப்பர் மார்க்கெட்டில் அவர் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. றாக்கையில் விலை இருக்கிறது, மனதுக்குள் கூட்டிப் பார்த்து, முடியாததைத் திருப்பி வைத்துவிடலாம். அவரை அங்கே இழுப்பது குளிர் காற்று மட்டுமல்ல, இந்தக் கௌரவமும்தான். ஒரு அட்டையும் ஒரு பேனையும் இருந்தால் இந்தக் கௌரவத்தை எமது கடைகளும் கொடுக்கலாம்.

வியாபாரிகளின் கஷ்டமும் எனக்குத் தெரியும். புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் மொத்த விலை ஒரே வாரத்தில் மேலும் கீழும் போகிறது. கொப்பிக் கடன் முழுதாகத் திரும்பி வருவதில்லை. 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் பெரிதாக உயர்ந்தபோது பல கடைகளில் மின்குமிழ்கள் அணைந்தன. அது புரிகிறது. ஆனால் பின்னர் கட்டணம் ஓரளவு குறைந்தபோதும் அணைந்த குமிழ்கள் எரியவில்லையே! கஷ்டத்தில் தொடங்கியது பழக்கமாகிவிட்டது.

மலிவாக விற்பதற்குச் சிக்கனம் வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. எதில் சிக்கனம் என்பதுதான் கேள்வி. ஜெர்மனியின் எசென் நகரில் ஒரு தாய் நடத்திய சிறிய மளிகைக் கடையை அவருடைய மகன்மார் கார்ல் அல்பிரெக்ட், தியோ அல்பிரெக்ட் இருவரும் 1946 இல், யுத்தம் முடிந்த கையோடு பொறுப்பேற்றார்கள். நாடே வறுமையில் கிடந்த காலம். அவர்கள் அலங்காரத்தைக் குறைத்தார்கள். சாமான்களை வந்த பெட்டியிலேயே வைத்து விற்றார்கள். எல்லாவற்றையும் வைத்திருக்க வேண்டும் என்று ஆசைப்படாமல், வேகமாக ஓடும் சில நூறு சாமான்களை மட்டும் வைத்தார்கள். ஓடாத சாமானை எடுத்துவிட்டார்கள். அந்தக் கடைதான் பிற்காலத்தில் பல நாடுகளில் கிளை பரப்பிய 'அல்டி' ஆனது. அவர்கள் மலிவாக விற்றது சாமான் வேகமாக ஓடியதால். எமது கடைகளிலோ ஓடாத சாமானில் முதல் முடங்கிக் கிடக்கிறது. அந்த நட்டத்தை ஈடுகட்டத் துப்புரவிலும் வெளிச்சத்திலும் மிச்சம் பிடிக்கிறோம்.

எனவே எமது வர்த்தக சகோதரர்களிடம் சில விடயங்களை முன்வைக்கிறேன்.

இந்த வாரமே றாக்கையைப் பாருங்கள். மூன்று மாதமாக அசையாத சாமான்களை வேறாக்குங்கள். திகதி முடியாதவற்றை விலை குறைத்து விற்றுவிடுங்கள், முடிந்தவற்றை வீசிவிடுங்கள். வரும் காசில் அரிசி, பருப்பு, சீனி, மா, தேயிலை போன்ற ஓடும் சாமான்களில் நல்ல தரத்தை வாங்கி வையுங்கள். சாக்குகளுக்கு அடியில் பலகை போடுங்கள். பழைய மரப்பலகை போதும். தராசை வாடிக்கையாளர் பக்கம் திருப்பி வையுங்கள். நூறு கிராம், கால் கிலோ விலைகளைப் பெரிய எழுத்தில் எழுதித் தொங்கவிடுங்கள், ஏனென்றால் உங்கள் வாடிக்கையாளர் வாங்குவது அந்த அளவில்தான். கொப்பிக் கடனுக்கு ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு எல்லை வைத்து, அவர்களிடமும் ஒரு சிறு கொப்பியைக் கொடுங்கள். இரண்டு கொப்பியிலும் ஒரே கணக்கு இருந்தால் மனக்கசப்பு வராது.

இவற்றில் சில எமது விருப்பத்துக்கு விடப்பட்டவையும் அல்ல. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி விலையைக் காட்சிப்படுத்துவதும், கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பதும் வியாபாரியின் கடமை. 2021 திருத்தத்தின்படி கட்டுப்பாட்டு விலைக்கு மேல் விற்கும் தனிநபர் வியாபாரிக்குக் குறைந்த தண்டப்பணமே ஒரு இலட்சம் ரூபா. தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை பதிக்க வேண்டும். சிறிய கடைக்கு ஒரு இலட்சம் என்பது பல மாத இலாபம். ஒரு அட்டைத் துண்டில் விலை எழுதி வைப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எமது பிள்ளைகள் கடைக்கு வர விரும்பவில்லை என்று முதலாளிமார் கவலைப்படுகிறார்கள். இருட்டும் தூசியும் எலியும் உள்ள இடத்தைப் படித்த மகன் எப்படிப் பொறுப்பேற்பான்? வெளிச்சமுள்ள, கணக்குச் சரியான, சாமான் ஓடும் சிறுகடையாக இருந்தால் அவனுக்கும் அதில் ஒரு எதிர்காலம் தெரியும்.

ஒரு மூலைக்கடை மூடப்பட்டால் முதலாளி மட்டும் நட்டப்படுவதில்லை. நூறு கிராம் பருப்புக்கும் சனிக்கிழமை வரையான கடனுக்கும் அந்தத் தெருவில் வேறு இடமில்லாமல் போகிறது. இல்லாதவருக்குத் தேவை மலிவான விலை. மட்டமான சாமானை அவர் கேட்கவில்லை, நாம்தான் அவர் பெயரைச் சொல்லி விற்கிறோம். அதை நிறுத்தினால் எமது கடைகள் நிலைக்கும்.