ஊமை எழுத்தா, மூத்த எழுத்தா?

ஒன்பதாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த தோழி ஒருத்தி, ஆங்கிலப் பாடத்தை உரக்க வாசிக்கையில் "நைஃப்" என்பதைக் "க்நைஃப்" என்று வாசித்துவிட்டாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் தமிழ்வழியில் படித்து வந்தவள். பிறகு சில வாரங்கள் அவள் வாய்திறந்து வாசிக்கவே இல்லை. எங்கள் சிரிப்பு அன்பற்றது மட்டுமன்று, அறியாமையும்கூட என்பதை நூலகத்தில் ஒரு சொற்பிறப்பு அகராதியைப் புரட்டியபோதுதான் உணர்ந்தேன்.

"கே"யும் "என்"னும் சேர்ந்து தொடங்கும் சொற்களில் அந்தக் "கே" ஒரு காலத்தில் ஊமையன்று. 1400-இல் மறைந்த கவிஞர் சாசர் காலத்து ஆங்கிலேயர் அதை வாய் நிறைய ஒலித்தனர். வில்லியம் காக்ஸ்டன் 1476-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தபோதும் அவ்வொலி உயிரோடிருந்தது. அச்சு எழுத்தைக் கட்டிப்போட்டது. நாக்கோ தன் வழியே போயிற்று. 17-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஒலி தேய்ந்துவிட, எழுத்து மட்டும் தங்கிற்று. ஜெர்மானியர் முழங்காலைக் குறிக்கும் தம் சொல்லில் அந்தக் ககரத்தை இன்றும் ஒலிக்கின்றனர்.

பொருளோ இன்னும் வியப்பு. "நைட்" என்றதும் நமக்குக் குதிரையேறிய வீரன் நினைவுக்கு வருகிறான். (இரவைக் குறிக்கும் நைட் வேறு, அதில் "கே" இல்லை.) பழைய ஆங்கிலத்தில் அதற்குச் சிறுவன், பணியாள் என்றே பொருள். அரசனிடம் பணிபுரிந்த போர்வீரனுக்கு அப்பெயர் வழங்கிப் பின்னர் பட்டமாயிற்று. "நேவ்" என்பதும் முதலில் சிறுவன்தான்; பிறகு பணியாள்; கடைசியில் அயோக்கியன்! 14-ஆம் நூற்றாண்டில் விக்ளிஃப் பெயரால் வழங்கிய ஆங்கில விவிலியத்தில், கதிரவனை ஆடையாக அணிந்த பெண் ஈன்ற ஆண்மகவு "நேவ் சைல்ட்" எனப்படுகிறது. விண்ணேற்பு விழாவன்று திருப்பலியில் நாம் கேட்கும் திருவெளிப்பாட்டு வாசகம்தான் அது. அன்று எவரும் முகம் சுளித்திருக்க மாட்டார். நறுமணத்தைக் குறித்த நம் "நாற்றம்" இன்று பட்ட பாட்டை எண்ணிப் பாருங்கள்.

ஒரே வாசலில் நின்ற இரு வேலைக்காரப் பையன்களில் ஒருவனுக்குப் பட்டம், மற்றவனுக்குப் பழி. ஏழைப் பணியாளை உலகம் எப்படிப் பார்த்தது என்பதற்குச் சொல்லே சாட்சியாக நிற்கிறது.

"அறிதல்" எனப் பொருள்படும் "நோ" நமக்கு இன்னும் நெருக்கம். அதன் வேரும் வடமொழி "ஜ்ஞானம்" என்பதன் வேரும் ஒன்றே. ஆங்கிலேயர் ஒலியை விட்டு எழுத்தை வைத்துக்கொண்டனர். நாம் இரண்டையும் விட்டு "ஞானம்" என்கிறோம். நம் ஞானஸ்நானத்திலும் ஞானத்தாயிடத்திலும் அந்த உறவு ஒளிந்திருக்கிறது.

ஆகவே, "அது ஸைலண்ட், மனப்பாடம் செய்" என்று ஐம்பது முறை இம்போசிஷன் எழுதச் சொல்வதைவிட, இந்தக் கதையை இரண்டு நிமிடம் சொன்னால் ஸ்பெல்லிங் தானே மனத்தில் நிற்கும் என்பது என் தாழ்மையான கருத்து. ஆசிரியைகள் பொறுத்தருள்க.

தோழியிடம் இதைச் சொன்னேன். "அப்படியானால் நான் வாசித்தது சரிதானா?" என்றாள். "சரிதான், அறுநூறு வருஷம் தாமதம்" என்றேன். இம்முறை முதலில் சிரித்தது அவள்.