ஆஃப் பண்ணிட்டா சேஃப்பா?

வீட்டைப் பூட்டிட்டு வெளியூர் கிளம்பும்போது நம்ம ஊர்ல எல்லா அம்மாக்களும் சொல்றது ஒண்ணுதான். கேஸை மூடு, ஸ்விட்ச் எல்லாம் ஆஃப் பண்ணு. எதுவும் ஓடலைன்னா எதுவும் கெட்டுப்போகாது என்பது நமக்கு ஊறிப்போன லாஜிக். மாஸ்டர்ஸ் படிக்க யு.கே. போகும் சீனியர்கள் டிசம்பர் லீவுக்கு வாடகை வீட்டைப் பூட்டும்போதும் இதே லாஜிக்தான் வேலை செய்யும். அந்தக் குளிரில் இது தப்பு. ஆனா பழியை முழுசா அவங்க மேல போடுறது அதைவிடப் பெரிய தப்புன்னு நான் நினைக்கிறேன்.

அங்கே பெரும்பாலான வீடுகளில் ஒரு கேஸ் பாய்லர் இருக்கும். அதில் சூடாகும் தண்ணீரை பம்ப் ஒவ்வொரு ரூம் ரேடியேட்டருக்கும் அனுப்பும். தண்ணீர் உறைந்தால் அதன் கன அளவு சுமார் 9% கூடும். மூடிய பைப்புக்குள் இது நடந்தா காப்பர் பைப்பும் பிளக்கும். ஐஸ் இருக்கும்வரை அதுவே அடைப்பா நிற்கும், உருகின பிறகுதான் வீடு முழுக்கத் தண்ணீர்.

இதைத் தடுக்கத்தான் பாய்லருக்குள் ஃப்ராஸ்ட் புரொடக்‌ஷன் வச்சிருக்காங்க. உள்ளே இருக்கும் தண்ணீர் உறையும் நிலையை நெருங்கினா சென்சார் கண்டுபிடிச்சிடும். ஹீட்டிங் ஆஃப்ல இருந்தாலும் பம்ப் ஓடும், தேவைப்பட்டா பர்னரும் எரியும். நல்ல டிசைன்தான். ஆனா இதுக்குக் கரண்ட் வேணும், கேஸ் வேணும், பாய்லர் லாக்அவுட் ஆகாம இருக்கணும். மெயின் ஸ்விட்ச்சை அணைச்சிட்டுப் போறது, வாட்ச்மேனுக்கும் சேர்த்து லீவு கொடுத்த மாதிரி. இன்னொண்ணு, அது காப்பாற்றுவது முக்கியமா பாய்லரை. பரணில் இருக்கும் குடிநீர் பைப் உறைவது அதுக்குத் தெரியவே தெரியாது.

சரி, ஸ்விட்ச் ஆன்லயே இருக்கு. அப்பவும் பிரச்சினை வந்தது. 2005 ஏப்ரலில் இருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புதுசா மாட்டும் கேஸ் பாய்லர், சில விதிவிலக்கு தவிர, கண்டென்சிங் வகையா இருக்கணும்னு விதி வந்தது. புகையில் இருக்கும் நீராவியைத் தண்ணீராக்கி அதோட லேட்டன்ட் ஹீட்டையும் பிடிச்சுக்கிறதால எஃபிஷியன்ஸி கூடும். அந்தத் தண்ணீர் ஒரு பிளாஸ்டிக் பைப் வழியா டிரெயினுக்குப் போகும். பல வீடுகளில் அந்த பைப் வெளிச்சுவரில், வெறும் 21.5 மி.மீ. அளவில், மேலே எந்த உறையும் இல்லாம ஓடியது.

2010 டிசம்பர், பிரிட்டனில் நூறு வருஷத்துக்கும் மேல வேற எந்த டிசம்பரிலும் பார்க்காத குளிர். அந்தச் சின்ன பைப்புகள் உறைஞ்சு, தண்ணீர் பாய்லருக்குள்ளேயே தேங்கி, பாய்லர்கள் லாக்அவுட் ஆச்சு. ஹீட்டிங் ரொம்பத் தேவைப்பட்ட நாட்களில் வீடுகள் குளிர்ந்து கிடந்தது. அதுக்கப்புறம் வழிகாட்டுதல்கள் இறுகியது. பைப்பை முடிஞ்சவரை வீட்டுக்குள்ளேயே கொண்டுபோ. வெளியே போயே ஆகணும்னா உள் விட்டம் குறைந்தது 30 மி.மீ., மேலே இன்சுலேஷன், நீளம் குறைவு, மீட்டருக்கு 45 மி.மீ. சரிவு.

இந்தப் பட்டியலில் ஒண்ணுக்குக்கூடக் கரண்ட் தேவையில்லை. என் கருத்து இதுதான்: பாதுகாப்பு முதலில் பைப்பின் அகலத்திலும் சரிவிலும் இருக்கணும், சென்சார் அதுக்கு அப்புறம். இன்சுலேஷன் உறைவதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது என்பது உண்மை. அதனால ரெண்டும் வேணும். ஆனா வரிசை மாறக்கூடாது.

“மேனுவல்ல எழுதியிருக்கே, படிக்காதது யூஸர் தப்பு” என்பாங்க. வாடகைக்கு வந்த ஸ்டூடன்ட் கண்ணில் அந்த மேனுவல் எங்கே படப்போகுது? லோன் போட்டு வந்தவன் பில்லைப் பார்த்துப் பயந்து அணைக்கத்தான் செய்வான். அதைக் கணக்கில் எடுக்கிறதுதான் டிசைன். ஸ்விட்ச்சுக்குப் பக்கத்தில் “குளிர்காலத்தில் அணைக்காதீர்கள்” என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்ட வீட்டு ஓனருக்கு எவ்வளவு செலவாகும்?

போறவங்களுக்கு: பாய்லரை ஆன்லயே விட்டு தெர்மோஸ்டாட்டைக் குறைச்சு வைங்க. ரேடியேட்டர் வால்வில் பனித்துளி நட்சத்திரம் மாதிரி ஒரு குறி இருக்கும், அது உறையாம காக்கும் செட்டிங். அதுக்குக் கீழே போகாதீங்க. வெளி பைப் உறைஞ்சா, கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தா வெதுவெதுப்பான தண்ணீர் ஊத்துங்க, கொதிக்கும் தண்ணீர் வேண்டாம். அப்புறம் ரீசெட்.

இங்கேயே இருக்கப்போறவங்களுக்கும் ஒண்ணு. நம்ம ஃபைனல் இயர் டெமோ எல்லாம் சப்ளை ஆன்ல இருக்கும்போதுதான் நடக்குது. “பவர் போனா உன் சிஸ்டம் என்ன பண்ணும்?” என்ற கேள்விக்கும் வைவாவில் மார்க் வைக்கணும்.