பூங்கா வேறு, தாவரவியல் பூங்கா வேறு!

ஊட்டி தாவரவியல் பூங்காவுக்குப் போயிருப்பீர்கள். புல்தரையில் உருண்டிருப்பீர்கள், போட்டோ எடுத்திருப்பீர்கள். அங்கே பார்த்த ஒரே ஒரு மரத்தின் பெயரைச் சொல்லுங்கள், பார்ப்போம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். தப்பு உங்கள் மேல் மட்டும் இல்லை. மே மாதம் மலர்க் கண்காட்சி முடிந்ததும் எத்தனை லட்சம் பேர் வந்தார்கள் என்று பெருமையாகக் கணக்குச் சொல்கிறார்கள். வந்தவர்கள் என்ன தெரிந்துகொண்டு போனார்கள் என்பதற்குக் கணக்கே கிடையாது.

1840-களில் ஊட்டி வெள்ளைக்காரர்கள் மாதம் 3 ரூபாய் சந்தா போட்டுக் காய்கறி விளைவித்த இடம் இது. அது சரிப்பட்டு வரவில்லை. 1848-ல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து மெக்ஐவர் வந்தார். மேலே காடு, கீழே சதுப்பு, நடுவே பள்ளங்கள். அதைத்தான் பூங்காவாக்கினார். பிறகு நீலகிரியின் சிங்கோனா தோட்டங்களும் அவர் பொறுப்புக்கு வந்தன. சிங்கோனா பட்டையிலிருந்துதான் மலேரியாவுக்கு கொய்னா மருந்து. ஆண்டவர்களின் சுயநலம்தான், சந்தேகமில்லை. ஆனால், செடி என்பது படிக்க வேண்டிய விஷயம் என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது. நமக்கு?

அங்கே 2 கோடி வருடத்துக் கல்மரம் ஒன்று கிடக்கிறது. திருவக்கரையிலிருந்து வந்தது. "ஏம்ப்பா, இது சிமென்ட்ல செஞ்சதா?" என்று ஒருவர் கேட்டார். சிரிக்காதீர்கள், அவராவது கேட்டார். பதில் சொல்லத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.

பூங்காவின் உச்சியில் தோடர் மந்து இருக்கிறது. பூங்காவுக்கு முன்பே, அந்த மலைப் புல்வெளியில் எருமை மேய்த்தவர்கள் தோடர்கள். அந்தப் புல்வெளியும் சோலைக்காடும் மழைநீரைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதால்தான் கீழே பவானியில் தண்ணீர். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த சீகை மரம் அந்தப் புல்வெளியை ஏக்கர் ஏக்கராக விழுங்கியிருக்கிறது. சோலை மரம் எது, சீகை எது என்று ஈரோட்டுப் பையனுக்குக் காட்டிக்கொடுக்க இந்த 55 ஏக்கரைவிட நல்ல வகுப்பறை எது? அவன் குடிக்கிற தண்ணீர் விவகாரம் ஐயா இது!

பெரிய செலவில்லை. தாவரவியல் படித்துவிட்டு வேலை தேடும் இளைஞர்கள் பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுத்து மரத்தடியில் நிற்க வையுங்கள். டிக்கெட்டோடு ஒரு துண்டுத்தாள் கொடுங்கள். பூவால் கோட்டை கட்டக் காசு இருக்கிறது, இதற்கு இருக்காதா?

நீங்களும் அடுத்த தடவை ஒரு பெயர்ப்பலகையையாவது நின்று படியுங்கள். போட்டோ அப்புறம் எடுக்கலாம். மரம் எங்கேயும் ஓடிவிடாது.