தெளுவுக்குக் குழாய் மட்டும் போதாதுங்க

கனடாவில் மேப்பிள் மரத்தில் துளை போட்டு, மரத்துக்கு மரம் பிளாஸ்டிக் குழாய் இழுத்து, சாறு சரிவில் தானாக ஓடித் தொட்டியில் விழுகிற வீடியோ நம்ம விவசாயிகள் கைபேசியில் சுத்திக்கிட்டு இருக்குது. "தென்னைக்கும் இப்படிப் போட்டுட்டா மரமேறியே வேண்டாமுங்களே" என்று காங்கேயம் பக்கம் பலர் கேட்கிறார்கள். மரமேறி வேண்டும், குழாய்க்குப் போடுகிற காசை முதலில் அவருக்குப் போட வேண்டும் என்பது என் கருத்து.

மேப்பிள் காட்டில் ராத்திரி உறைபனி, பகலில் இளவெயில். அதில் மரத்துக்குள் அழுத்தம் உண்டாகிச் சாறு வெளியேறுகிறது. ஒருமுறை துளை போட்டால் அந்தப் பருவம் முழுக்க வடியும். தென்னையும் பனையும் அப்படியில்லை. பாளையைக் கட்டி, தட்டிப் பக்குவப்படுத்தி, நுனியைக் காலையும் மாலையும் மெல்லிசாகச் சீவ வேண்டும். விட்டால் வெட்டுவாய் காய்ந்து அடைத்துக்கொள்ளும். குழாய் தெளுவைக் கீழே இறக்கும், பாளையைச் சீவாது.

அடுத்தது புளிப்பு. மேப்பிள் சாற்றில் சர்க்கரை 2 சதவீதம்தான். 40 லிட்டர் காய்ச்சினால் 1 லிட்டர் பாகு. தென்னந்தெளுவில் 12 முதல் 15 சதவீதம். ஏழெட்டு லிட்டரில் ஒரு கிலோ கருப்பட்டி. அந்த இனிப்பே நம் வெயிலில் சீக்கிரம் புளிக்கவும் வைக்கிறது. கழுவ முடியாத நீளக் குழாய் நுரைக்குத்தான் வீடு. புளித்தால் அது கள். இங்கே கள்ளுக்குத் தடை. 2017இல் தென்னை நீராவுக்கு அரசு வழி திறந்தது, அதுவும் உரிமத்தோடுதான். ஆகவே சுத்தம் சட்டப் பிரச்சினையும்கூட.

இதற்குத்தான் பெரியவர்கள் கலயத்தில் சுண்ணாம்பு தடவினார்கள். காசர்கோடு மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் பனிக்கட்டிப் பெட்டியைப் பாளையில் மாட்டி, சுண்ணாம்பில்லாமல் தெளுவு பிடிக்கும் முறையைக் கொடுத்திருக்கிறது. நல்ல கருவிதான். அதையும் மேலே ஏறி மாட்ட ஆள் வேண்டுமே!

வங்கியில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்: பெட்டிக்கும் கொப்பரைக்கும் விலைப்புள்ளி வைத்துக் கடன் கேட்கலாம். ஏறுகிறவர் கைத்திறனுக்கு எந்த விலைப்புள்ளியும் கிடையாது. அதனால் திட்டத்தில் அவர் காணாமல் போகிறார்; திட்டமும் படுத்துவிடுகிறது.

நாம் செய்ய வேண்டியவை:

பக்கத்துப் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் சேர்ந்து ஒரு மரமேறிக்கு முழு வேலை தர வேண்டும். மாதச் சம்பளம் நிலையாக, அதற்குமேல் லிட்டருக்கு இவ்வளவு என்று பங்கு.

விபத்துக் காப்பீட்டுத் தொகையை நாமே கட்ட வேண்டும். தென்னை வளர்ச்சி வாரியத்தின் 'கேர சுரக்ஷா' மரமேறிகளுக்கென்றே இருக்கிறது.

வேரில் மோனோகுரோட்டோபாஸ் கட்டிய மரத்தில் பாளை சீவவே கூடாது. மரம் உறிஞ்சும் நஞ்சைத் தெளுவாகக் குடிக்க வைப்பது இயற்கை விவசாயம் ஆகாது.

காலையில் இறக்கியதை அன்றைக்கே தோட்டத்தில் காய்ச்ச வேண்டும். மட்டையும் பன்னாடையும் விறகுக்கு இருக்கவே இருக்குது.

கொறங்காட்டு ஓரத்துப் பனைகளுக்கும் இதே கணக்குத்தான். 2021இல் பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று அரசு அறிவித்தது. மரம் நிற்கும் சரி; ஏறத் தெரிந்த கடைசி ஆளும் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டால் அந்த மரத்தால் யாருக்கு என்ன பயன்? குழாய் பிறகு வாங்கலாம். ஆளை இந்தப் பருவத்திலேயே பிடித்து வைத்துக்கொள்ளுங்க.