காப்பாரை மூடும் முன் பத்து ஆராங்கைப் பாருங்கள்

நிலக்கரி மின்நிலையங்களை 2044க்குள் முற்றாக மூடுவது மலேசிய அரசாங்கத்தின் இலக்கு. வரவேற்கிறோம். காப்பார் மின்நிலையத்தின் புகைபோக்கிகளைப் பார்த்தே வளர்ந்த கிள்ளான்வாசிகளுக்கு இதில் மகிழ எல்லா உரிமையும் உண்டு. ஆனால் மூடும் ஆண்டைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு, அங்கே வேலை செய்பவர்களைப் பற்றி யாரும் பேசக் காணோம்.

நிலக்கரியைக் கைவிட்டால் ஓர் ஊர் என்னவாகும் என்பதற்கு சிலாங்கூரிலேயே சாட்சி இருக்கிறது: ரவாங்கை அடுத்த பத்து ஆராங். 1908இல் அங்கே நிலக்கரி கண்டுபிடிக்கப்பட்டது. 1915 முதல் மலாயன் கொல்லியரிஸ் நிறுவனம் அதைத் தோண்டியது. ரயிலும் மின்நிலையமும் அந்தக் கரியில்தான் ஓடின. சீனர்களோடு தமிழர்களும் அங்கே உழைத்தார்கள். 1937 மார்ச்சில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் சுரங்கத்தையே கைப்பற்றினார்கள். ஆயுதப் படை இறங்கித்தான் அதை அடக்கியது. 1941 கிள்ளான் தோட்டப் போராட்டத்தை மறக்காத நம் மேடைகளில் இந்தக் கதை ஏனோ ஏறுவதில்லை.

பிறகு எண்ணெய் மலிந்தது. ரயில்கள் டீசலுக்கு மாறின. 1960இல் சுரங்கத்தை மூடினார்கள். வேலை போனது, பிழைப்பைத் தேடி ஆட்களும் போனார்கள். செங்கல் சூளைப் புகைபோக்கி மட்டும் செடி முளைத்து நிற்கிறது. நிலத்துக்கடியில் பழைய சுரங்கப் பாதைகள் கிடப்பதால், இருப்பவர்கள் நினைத்த இடத்தில் நினைத்த உயரத்துக்குக் கட்டடம் எழுப்பவும் முடியாது. கரியை எடுத்தவர்கள் லாபத்தோடு போனார்கள், பள்ளம் ஊருக்கு.

இப்போது பாரம்பரியச் சுற்றுலா என்கிறார்கள். வரட்டும். வார இறுதியில் படம் பிடிக்க வருபவர்கள் தரும் தேநீர்க் காசு, மாதச் சம்பளத்துக்கு ஈடாகுமா?

காப்பாரில் நிரந்தர ஊழியர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு ஓரளவு உண்டு. 1980ஆம் ஆண்டு பணிநீக்க விதிமுறைகளின்படி, ஐந்தாண்டோ அதற்கு மேலோ வேலை செய்தவருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 20 நாள் சம்பளம் இழப்பீடு. ஆனால் அதற்குத் தொடர்ச்சியாக 12 மாதமாவது ஒரே முதலாளியிடம் இருந்திருக்க வேண்டும். குத்தகையாளரிடம் கொதிகலன் கழுவுகிறவர், சாம்பல் அள்ளுகிறவர், லோரி ஓட்டுகிறவர் கதை வேறு. குத்தகை கைமாறும்போதெல்லாம் அவர்களின் சேவைக்காலம் ஒன்றிலிருந்து தொடங்கும். ஆலை மூடும் நாளில் அவர்கள் யாருடைய ஊழியர் என்பதே வழக்காகிவிடும்.

ஆகவே மறுபயிற்சிக்கும் நிலத்தைச் சீர்படுத்தவும் ஆகும் செலவை, ஆலை ஓடி வருமானம் வரும்போதே ஒரு நிதியாக ஒதுக்க வேண்டும். மனிதவள அமைச்சு காப்பாரில் வேலை செய்பவர்களின் கணக்கெடுப்பை இந்த ஆண்டே தொடங்கட்டும். அதில் குத்தகையாளரின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. அவருக்குக் கீழே வேலை செய்கிற ஒவ்வொருவரின் பெயரும் ஏற வேண்டும்.