அரியலூர், பெரம்பலூர் மாணவரும் அயல்நாட்டுப் பிரயாணமும்

சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளைப் பொதுப் பணத்தில் கடல் கடந்து அனுப்புவது தமிழ்நாட்டுக்குப் புது வழக்கம். 2022-ம் வருஷம் நவம்பரில், போட்டியில் வென்ற மாணவர் குழு ஒன்று ஷார்ஜா புத்தகக் கண்காட்சிக்கு அழைத்துச் செல்லப்பட்டது. 2024-ல் ‘நான் முதல்வன்’ திட்டத்தின்கீழ் 25 கல்லூரி மாணவர்கள் இங்கிலாந்தின் டர்ஹாம் சர்வகலாசாலையில் பயிற்சி பெற்றுத் திரும்பினர். இவற்றை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். குடியானவன் மகள் ஆகாய விமானத்தில் ஏறினாள் என்றவுடன் வீண் செலவென்று முகஞ்சுளிப்பவர்கள், செல்வர் வீட்டுப் பிள்ளை சீமைக்குப் போகும்போது மாத்திரம் மாலையிட்டு வழியனுப்புவதேன்?

எனினும் பாராட்டோடு நின்றுவிட நமக்கு மனமில்லை. பரிசாகக் கொடுக்கப்படும் பிரயாணம் பெரும்பாலும் பரிசாகவே முடிந்துவிடுகிறது. பிள்ளை போய் வருகிறான், பெற்றோர் பூரிக்கிறார்கள், பத்திரிகையில் படம் வருகிறது. அப்பால் என்ன? அவன் கண்டு வந்ததில் அவனுடைய ஊருக்கு வந்து சேர்ந்தது எவ்வளவு? இக்கேள்வியை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு செய்யும் ஏற்பாட்டையே திட்டம் என்று சொல்லலாம்.

ஜப்பான் அப்படித்தான் செய்தது. 1871-ல் இவாகுரா என்ற மந்திரியின் தலைமையில் அந்நாடு மேல்நாடுகளுக்கு ஒரு தூதுக் குழுவை அனுப்பியபோது, அதே கப்பலில் மாணவர்களையும் ஏற்றியது. அவர்களில் ஐவர் பெண்கள். எல்லோரிலும் இளையவளான சூதா உமேக்கோவுக்கு அப்போது வயது ஆறு! அமெரிக்காவில் பதினொரு வருஷம் படித்துவிட்டுத் தாய்மொழியையே மறந்த நிலையில் அவள் ஊர் திரும்பினாள். பின்னர் 1900-ல் டோக்கியோவில் பெண்களுக்கென ஓர் உயர்தரக் கல்விச்சாலை நிறுவினாள். அவ்வளவு சிறு குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்தது சரியென்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் எதற்காகப் போகிறோம், திரும்பி வந்து என்ன செய்ய வேண்டும் என்பது அந்தக் கப்பலில் ஏறியவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1914-ல் சென்னைச் சர்வகலாசாலை வருஷத்துக்கு 250 பவுன் உபகாரச் சம்பளம் கொடுத்து ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பியதும் ஊர் பார்ப்பதற்காக அன்று.

இனி நமது அரியலூர், பெரம்பலூர் ஜில்லாக்களின் விஷயத்துக்கு வருவோம். கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆண்ட ராஜேந்திரன் 1025-ல் கடாரத்தின்மேல் கப்பற்படை செலுத்தியதை இப்பக்கத்து மேடைகளில் முழங்காத பிரசங்கி இல்லை. அம்மேடைக்குக் கீழே உட்கார்ந்து கேட்பவர்களிலோ, வளைகுடா நாடுகளில் கூலிக்கு உழைத்துத் திரும்பியவர் இருப்பர்; சிங்கப்பூரில் கட்டிட வேலை செய்யும் மகனின் பணத்துக்குக் காத்திருப்பவரும் இருப்பர். கடல் தாண்டுவது இந்த ஜனங்களுக்குப் புதிதன்று. கற்பதற்காகத் தாண்டுவதே அவர்களுக்கு எட்டாமலிருக்கிறது.

வெளிநாட்டாரோ கற்பதற்காகவே இங்கு வந்தனர். இந்நிலம் ஒரு காலத்தில் கடலடியாக இருந்ததென்பதை இங்குக் கிடைக்கும் சங்குகளும் சிப்பிகளும் காட்டுகின்றன. 1840-களில் கேய், கன்லிப் என்னும் இரு ஆங்கிலேயர் தென்னிந்தியாவில் திரட்டிய புதைபடிவங்களை எட்வர்டு போர்ப்ஸ் லண்டனில் ஆராய்ந்து 1846-ல் வெளியிட்டார். பின்னர் பிளான்போர்டு என்பவர் இவ்வட்டாரத்துப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்து 1862-ல் எழுதினார். அரியலூரின் பெயர் உலகத்துப் பூகர்ப்ப சாஸ்திர நூல்களில் இன்றும் வழங்குகிறது. பெரம்பலூர் ஜில்லாவிலுள்ள சாத்தனூரில், 12 கோடி வருஷங்களுக்கு முற்பட்டதென்று மதிக்கப்படும் மரம் ஒன்று 18 மீட்டர் நீளத்துக்கு மேல் கல்லாய்க் கிடக்கிறது. அதை 1940-ல் உலகுக்கு அறிவித்தவர் நம்மவரான எம். எஸ். கிருஷ்ணன்.

ஆகவே நமது யோசனை இது. பிரயாணத்துக்கு ஒரு வருஷம் முன்பே பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மேடையில் நன்றாகப் பேசும் பிள்ளையே எப்போதும் தேறுவது போதாது. கல் பொறுக்கி வந்து கேள்வி கேட்கும் பிள்ளையும் தேற வேண்டும். அவ்வருஷத்தில் சாத்தனூரையும் காரைப் பள்ளங்களையும் வாரணவாசிப் புதைபடிவக் காட்சிசாலையையும் அவர்கள் கண்டு குறிப்பெழுதட்டும். அதன்பின் லண்டன் காட்சிசாலையில் அம்மோனைட் சங்கைப் பார்க்கும் செந்துறைச் சிறுவன் வேடிக்கை பார்ப்பவனாக இருக்கமாட்டான். தன் ஊர்ச் சங்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பான். சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பயிரிடும் வீட்டுப் பெண் கிடங்கு முறைகளைக் கண்டு வரட்டும். திரும்பியதும் ஒவ்வொருவரும் தத்தம் பள்ளியில் மாத்திரமின்றி, பக்கத்து ஐந்து பள்ளிகளிலும் தாம் கண்டதை விளக்கிச் சொல்ல வேண்டுமென்பது நிபந்தனையாக இருக்கட்டும்.

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். அரியலூரில் இக்கேள்விக்கே இடமில்லை. பண்டைக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லை வெட்டித்தான் சிமெண்ட் ஆலைகள் நடக்கின்றன. புழுதியும் லாரிகளின் இரைச்சலும் கிராமத்தாருக்கு, கல் ஆலைக்கு. 2015-ம் வருஷத்துச் சட்டத் திருத்தப்படி சுரங்கக் குத்தகைதாரர்கள், ராயல்டி தவிர, அதில் பழைய குத்தகையானால் நூற்றுக்கு 30-ம் ஏலத்தில் எடுத்ததானால் 10-ம் ஜில்லாக் கனிம அறக்கட்டளைக்குச் செலுத்த வேண்டும். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஜனங்களுக்கே உரிய பணம் அது. கல்வியோ அதன் முதன்மைச் செலவினங்களில் ஒன்று. இதில் ஒரு சிறு பங்கை ஆண்டுதோறும் சுரங்கக் கிராமப் பிள்ளைகளின் கல்விப் பிரயாணத்துக்கு ஒதுக்குவதற்கு என்ன தடை? விதி இடந்தராது என்று உத்தியோகஸ்தர்கள் சொல்வார்களானால், எந்த விதி என்று எழுத்து மூலம் சொல்லட்டும். அதைத் திருத்தும்படி சட்டசபையில் கேட்போம். பெரம்பலூருக்கு இவ்வளவு சுரங்க வருமானம் இல்லையாதலால், அதன் பங்கை மாநில சர்க்காரே ஏற்க வேண்டும்.

இரண்டு ஜில்லாக்களும் திருச்சிராப்பள்ளிப் பாஸ்போர்ட் அலுவலக எல்லைக்குட்பட்டவை. பிறப்புச் சான்றில் ஒரு பெயரும் பள்ளிச் சான்றில் வேறு பெயருமாக உள்ள பிள்ளைகள் கடைசி நேரத்தில் தங்கிவிடாதபடி ஆசிரியர்கள் இப்போதே கவனிக்க வேண்டும். நமது ஊழியர்களுக்கும் வேலை இருக்கிறது. அடுத்த கிராம சபை கூடும்போது, சுரங்கக் கிராமம் ஒவ்வொன்றிலும் இதைத் தீர்மானமாகக் கொண்டுவந்து நிறைவேற்றி, அறக்கட்டளையின் தலைவரான கலெக்டருக்கு அனுப்புங்கள். பதில் வரும்வரை நினைவூட்டிக்கொண்டே இருங்கள்.